மிஸஸ் எக்ஸ் ஏன் இறந்தார்?

செவ்வாய்க்கிழமை காலையில் காரிமங்கலம் பக்கம் போயிருக்கிறீர்களா? தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி போகிற சாலையில், நடுவழியில் இருக்கிற ஊர். அன்றைக்கு அங்கே வாரச் சந்தை. ஆடு, மாடு, தேங்காய் என்று அமர்க்களப்படும். விற்கிறவர் பாதி, வாங்குகிறவர் பாதி, சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர் பாதி (கணக்கு இடிக்கிறதா? சந்தைக் கணக்கு அப்படித்தான்!).

அதே கூட்டத்தில், அதே நேரத்தில், இன்னொரு சந்தையும் நடந்துகொண்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத சந்தை. அது நடக்கும் இடம்... அங்கே நிற்கிற மனிதர்களின் மூக்கும் தொண்டையும்!

காரிமங்கலத்தில் மட்டும் இல்லை. தி.நகரில் நிற்கிற உங்கள் மூக்கிலும் நடக்கலாம். அந்தச் சந்தையின் பழைய வாடிக்கையாளர் ஒருவரைப் பற்றித்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம். பெயர் நியூமோகாக்கஸ். இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு திரியும் குட்டியூண்டு பாக்டீரியா. மேலே சர்க்கரைப் பொருளால் ஆன வழவழப்பான ஒரு சட்டை. அந்தச் சட்டையில் மட்டும் ஏறக்குறைய நூறு தினுசுகள் உண்டு.

ஆசாமி பெரும்பாலும் சாதுதான். தமிழ்நாட்டுக் கிராமங்களில் கைக்குழந்தைகளின் மூக்கைச் சோதித்துப் பார்த்தார்கள். பிறந்து இரண்டே மாதமான குழந்தைகளில் பாதிக்கு மேல் இவர் குடியிருந்தார். ஆறு மாதக் குழந்தைகளில் பத்துக்கு ஏழு பேரிடம்! அத்தனை குழந்தைகளும் ஆரோக்கியமாகச் சிரித்துக்கொண்டுதான் இருந்தன.

ஆனால், உடம்பு கொஞ்சம் தளர்ந்தால் போதும். மூக்கிலிருந்து நுரையீரலுக்கு இறங்குவார். நிமோனியா. ரத்தத்தில் புகுந்தால் உயிருக்கே ஆபத்து. மூளையைச் சுற்றியுள்ள உறைக்குப் போனால் மூளைக்காய்ச்சல்.

இவரை முதலில் கண்டுபிடித்த கதையே வேடிக்கையானது. பாரீஸில் லூயி பாஸ்டர், வெறிநாய்க்கடியால் இறந்த ஒரு குழந்தையின் எச்சிலை எடுத்து முயலுக்கு ஊசி போட்டார். முயல் இறந்தது. 'ஆஹா, வெறிநாய்க் கிருமி கிடைத்துவிட்டது' என்று பார்த்தால், இல்லை! உள்ளே இருந்தது புதுசாக ஒன்று. அதே சமயம் அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்டென்பெர்க் என்கிற ராணுவ டாக்டர், தன்னுடைய சொந்த எச்சிலையே முயலுக்குச் செலுத்தினார். அவர் நன்றாகத்தான் இருந்தார். முயல் காலி! இருவரும் 1881-ல், ஒருவருக்கொருவர் தெரியாமலே, விஷயத்தை வெளியிட்டார்கள்.

ஆரோக்கியமான டாக்டரின் வாயில் இருந்தது முயலைக் கொன்றது. இந்த வரியை மனதில் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையின் மொத்த விஷயமும் அதில்தான் இருக்கிறது. சுமப்பவர் ஒருவர்... சாகிறவர் வேறொருவர்.

அந்தக் காலத்தில் நிமோனியா என்றால் பாதி உயிர் போன மாதிரி. அன்றைய உலகின் தலைசிறந்த டாக்டர்களில் ஒருவரான வில்லியம் ஆஸ்லர், மரணப் படைக்கு நிமோனியாதான் தளபதி என்று எழுதினார். தளபதி அவரையும் விட்டுவைக்கவில்லை. 1919-ல் நிமோனியாவில் விழுந்து, அதன் தொடர்ச்சியான சிக்கல்களால் ஆஸ்லர் இறந்து போனார்.

மருந்து? தேடினார்கள். 1911-ல் பெர்லினில் மார்கன்ராத் என்கிற விஞ்ஞானியும் அவருடைய சகா லெவியும் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். நம் ஊரில் மலேரியாவுக்குக் கொடுத்தார்களே, 'கொய்னா'... அதன் ஒன்றுவிட்ட தம்பி. பெயர் ஆப்டோசின். எலிகளைக் காப்பாற்றியது. எல்லோரும் கைதட்டினார்கள்.

கைதட்டல் அடங்கவில்லை. அடுத்த வருடமே, மார்கன்ராத்தின் ஆய்வகத்திலேயே, நியூமோகாக்கஸ் அந்த மருந்தைச் சமாளிக்கக் கற்றுக்கொண்டுவிட்டது! 1917-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் மருத்துவமனையில், சிகிச்சை பெற்ற மனிதர்களின் உடம்பிலேயே மருந்துக்கு மசியாத நியூமோகாக்கஸ் தலைகாட்டியது. போதாக்குறைக்கு மருந்து சில நோயாளிகளின் பார்வையையும் பாதித்தது. ஆப்டோசினை மூட்டை கட்டி வைத்தார்கள்.

தேதியைக் கவனியுங்கள். 1917! பெனிசிலின் வருவதற்கு முன்பே, சல்ஃபா மாத்திரை வருவதற்கு முன்பே, மருந்தை எதிர்க்கும் கலையை மனித உடம்பில் முதன்முதலாக அரங்கேற்றிக் காட்டிய கில்லாடிகளில் நம்ம ஆளும் ஒருவர். (ஆப்டோசின் இன்றைக்கும் உயிரோடுதான் இருக்கிறது. எங்கே தெரியுமா? லேப்களில்! ஒரு கிருமி நியூமோகாக்கஸ்தானா என்று அடையாளம் பார்க்க, அந்த மருந்தில் நனைத்த சின்ன வட்டத்தாளைப் போட்டுப் பார்க்கிறார்கள். மருந்தாக இருக்க வந்தது, அடையாள அட்டையாக ஆகிவிட்டது.)

அப்புறம் 1930-களின் கடைசியில் இங்கிலாந்தின் மே அண்ட் பேக்கர் கம்பெனி 'எம் அண்ட் பி 693' என்கிற சல்ஃபா மாத்திரையைக் கொண்டு வந்தது. 1943 டிசம்பரில், டெஹ்ரான் மாநாடு முடிந்து திரும்பும் வழியில், வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு நிமோனியா. அவரைக் காப்பாற்றியது இந்த மாத்திரைதான். கவனித்த டாக்டர்கள் மோரன், பெட்ஃபோர்ட் இருவருக்கும் மாத்திரையின் பெயரையே, 'எம்' என்றும் 'பி' என்றும், செல்லப் பெயராக வைத்தார் சர்ச்சில். ('சின்ன வயதில் சேற்றில் மூழ்கிய சர்ச்சிலை ஒரு விவசாயி காப்பாற்றினார். அந்த விவசாயியின் மகன்தான் ஃபிளெமிங். அவர் கண்டுபிடித்த பெனிசிலின்தான் பின்னாளில் சர்ச்சிலை மறுபடி காப்பாற்றியது' என்று ஒரு கதை உங்கள் செல்போனுக்கும் வந்திருக்குமே? சுத்த டூப்!)

இப்போது லண்டனுக்கு வாருங்கள். வருடம் 1928.

அந்த ஒரே வருடத்தில், அந்த ஒரே நகரத்தில் இரண்டு கண்டுபிடிப்புகள் நடந்தன. ஒன்று, உங்கள் பள்ளிப் பாடத்திலேயே வந்திருக்கும். செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் அலெக்சாண்டர் ஃபிளெமிங், லீவு முடிந்து திரும்பி வந்து, பூசணம் பிடித்த ஒரு கண்ணாடித் தட்டைப் பார்த்தார். பெனிசிலின் பிறந்தது.

இன்னொன்றைச் செய்தவர் ஃபிரெடரிக் கிரிஃபித். கூச்ச சுபாவம். பேரும் புகழும் வேண்டாம் என்று ஒதுங்கியிருந்த அரசாங்க டாக்டர். நிமோனியாவுக்குத் தடுப்பு மருந்து கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தார். அவரிடம் நியூமோகாக்கஸில் இரண்டு வகை இருந்தது. வழவழப்பான சட்டை போட்டது... எலியைக் கொல்லும். சட்டை இல்லாத சொரசொரப்பு வகை... பரம சாது. கிரிஃபித், சட்டை போட்ட கொலைகார வகையைச் சூடாக்கிக் கொன்றார். அந்தப் பிணங்களையும், உயிரோடு இருந்த சாதுக்களையும் சேர்த்து எலிக்குச் செலுத்தினார்.

செத்தது ஒன்று, சாது ஒன்று. எலிக்கு ஒன்றும் ஆகக் கூடாது இல்லையா?

எலி செத்தது! அறுத்துப் பார்த்தால், உள்ளே உயிரோடு இருந்தவை எல்லாம் சட்டை போட்டவை!

அதாவது, சாதுக்கள் செத்தவனிடமிருந்து சட்டை தைக்கும் வித்தையை எடுத்துக்கொண்டுவிட்டன. அந்த வித்தை எந்தப் பொருளில் எழுதியிருக்கிறது என்று தேடிக்கொண்டு போன ஆஸ்வால்ட் ஏவரியும் அவருடைய சகாக்களும், 1944-ல் ராக்ஃபெல்லரில் விடையைக் கண்டுபிடித்தார்கள். டி.என்.ஏ.! மனித குலம் தன் மரபின் ரகசியம் டி.என்.ஏ-வில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டதே நியூமோகாக்கஸ் சொல்லிக் கொடுத்துத்தான். அதைப் பார்க்க கிரிஃபித் உயிரோடு இல்லை. 1941-ல் லண்டன் மீது ஜெர்மன் விமானங்கள் போட்ட குண்டில் அவர் இறந்துவிட்டார்.

1928-ஐ இப்போது மறுபடி பாருங்கள். ஃபிளெமிங் கண்டுபிடித்தது மருந்தை. கிரிஃபித் கண்டுபிடித்தது, அந்த மருந்தைக் கிருமி ஒரு நாள் எப்படி முறியடிக்கப் போகிறது என்கிற வழியை. அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

மூக்கில் நடக்கும் சந்தை என்று சொன்னேனே, அது இதுதான். நம் வாயிலும் தொண்டையிலும் நியூமோகாக்கஸின் பங்காளிகள் நிறையப் பேர் வசிக்கிறார்கள். யாருக்கும் தொந்தரவு கொடுக்காத அப்பிராணிகள். உங்களுக்குச் சாதாரண ஜலதோஷம் வருகிறது. வைரஸ் சமாச்சாரம்... ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. ஆனாலும், 'எதுக்கும் இருக்கட்டும்' என்று நாலு மாத்திரை போடுகிறீர்கள். ஜலதோஷ வைரஸ் சிரிக்கிறது. அடி வாங்குவது அந்த அப்பிராணிகள். பலர் சாகிறார்கள். தப்பிப் பிழைத்த சிலர் மருந்தைச் சமாளிக்கும் வித்தையோடு பெருகுகிறார்கள். பிறகொரு நாள் அந்த வித்தை, செத்தவன் சட்டை போல, நியூமோகாக்கஸின் கைக்குப் போகிறது.

பெனிசிலின் எப்படி வேலை செய்கிறது? பாக்டீரியா தன்னைச் சுற்றி ஒரு சுவர் கட்டிக்கொள்ளும். அதற்கென்று உள்ளே சில 'கொத்தனார்'கள் உண்டு. பெனிசிலின் போய் அந்தக் கொத்தனாரின் கையைப் பிடித்துக்கொள்ளும். சுவர் நிற்காது. கிருமி வெடித்துச் சாகும். நியூமோகாக்கஸ் என்ன செய்தது? பங்காளிகளிடமிருந்து துண்டு துண்டாக மரபணுவை வாங்கி, ஒட்டுப் போட்டுத் தைத்து, கொத்தனாரின் கையையே வேறு வடிவத்துக்கு மாற்றிவிட்டது. பெனிசிலினுக்குப் பிடி கிடைக்கவில்லை!

இப்படி நடக்கும் என்று முன்பே எச்சரித்த ஒருவர் இருந்தார். யார் தெரியுமா? சாட்சாத் ஃபிளெமிங்கேதான்!

1945 டிசம்பர் 11. நோபல் பரிசு பெற்ற ஃபிளெமிங் ஸ்டாக்ஹோமில் உரையாற்றுகிறார். கடைசியில் ஒரு கற்பனைக் கதை சொன்னார். மிஸ்டர் எக்ஸ் என்று ஒருவர். தொண்டை வலி. தானே பெனிசிலின் வாங்கிப் போட்டுக்கொள்கிறார். கிருமியைக் கொல்கிற அளவுக்குப் போடவில்லை. அதற்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிற அளவுக்குப் போட்டுக்கொள்கிறார். தேறிவிடுகிறார். அந்தக் கிருமி அவர் மனைவிக்குத் தொற்றுகிறது. மிஸஸ் எக்ஸுக்கு நிமோனியா. டாக்டர்கள் பெனிசிலின் கொடுக்கிறார்கள். வேலை செய்யவில்லை. மிஸஸ் எக்ஸ் இறந்து போகிறார். இந்தச் சாவுக்கு முதல் பொறுப்பாளி யார் என்று சபையைப் பார்த்துக் கேட்டார் ஃபிளெமிங். கணவர்தான் என்று அவரே பதிலும் சொன்னார்.

கதையில் ஒரு முக்கியமான விஷயம்... தப்பு செய்த மிஸ்டர் எக்ஸுக்கு ஒன்றுமே ஆகவில்லை!

சபையில் கைதட்டினார்கள். அப்புறம் வழக்கம்போல மறந்துவிட்டார்கள். பெனிசிலின் கொட்டிக் கிடந்தது. நம் நாட்டிலேயே 1954-ல் புனேவுக்குப் பக்கத்தில் பிம்ப்ரியில் 'ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ்' என்று அரசாங்கத் தொழிற்சாலை வந்தது. ஊசி என்றால் பெனிசிலின், டாக்டர் என்றால் ஊசி. 'ஊசி போடாத டாக்டர் என்ன டாக்டரு?' என்று கேட்ட தலைமுறை அது.

1967-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து முதல் மணி அடித்தது. ஓர் இளம்பெண். பிறருக்கு இருப்பதுபோல ரத்தத்தில் போதிய எதிர்ப்புப் பொருள் இல்லாதவர். அதனால் அடிக்கடி தொற்று, அடிக்கடி ஆன்டிபயாடிக். அவரிடமிருந்து எடுத்த நியூமோகாக்கஸ் பெனிசிலினுக்குச் சரியாக மசியவில்லை. நீங்கள் கவனிக்க வேண்டியது, இது முதலில் வெளிப்பட்டதே நோயை எதிர்க்கத் தெம்பில்லாத ஓர் உடம்பில்தான்.

பத்து வருடம் கழித்து, 1977. தென்னாப்பிரிக்காவின் டர்பன். கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போன நம் தமிழர்களின் பேரன் பேத்திகள் வாழும் அதே ஊர். அங்கே ஆஸ்பத்திரிக்கு வந்த குழந்தைகளிடம், பெனிசிலினுக்குச் சுத்தமாக அடங்காத நியூமோகாக்கஸ் கிடைத்தது. அவர்களில் மூளைக்காய்ச்சல் கண்ட மூன்று குழந்தைகளும் பிழைக்கவில்லை. சீக்கிரமே ஜோகன்னஸ்பர்க்கில், பெனிசிலின் மட்டுமில்லாமல் பல மருந்துகளுக்கும் சேர்த்துத் 'தண்ணி காட்டும்' நியூமோகாக்கஸ் தலைகாட்டியது. மிஸஸ் எக்ஸ் கற்பனையிலிருந்து நிஜத்துக்கு வந்துவிட்டார். வரும்போது சின்னக் குழந்தையாக வந்தார்.

சரி, நம் ஊரில்?

காரிமங்கலத்திலிருந்து கிருஷ்ணகிரி போய், கிழக்கே திரும்பி வாணியம்பாடி, ஆம்பூர் தாண்டினால் வேலூர். அங்கே சி.எம்.சி. ஆஸ்பத்திரி. வேலூர் உட்பட இந்தியாவின் ஆறு பெரிய ஆஸ்பத்திரிகள் கைகோத்து, 1993 முதல் 1997 வரை இந்தக் கிருமியைத் தேடின. சி.எம்.சி-யின் டாக்டர்கள் குரியன் தாமஸ், எம்.கே. லலிதா போன்றவர்கள் முன்னின்ற வேலை. நியூமோகாக்கஸ் தீவிரமாகத் தாக்கிய 314 நோயாளிகள் கிடைத்தார்கள். 1999-ல் 'லான்செட்' இதழில் முடிவுகள் வந்தன.

பெனிசிலினுக்கு ஓரளவு முரண்டு பிடித்தவை வெறும் 1.3 சதவிகிதம். அப்பாடா! ஆனால், கோ-டிரைமாக்ஸசோல் என்கிற மருந்துக்கு மசியாதவை 56 சதவிகிதம். குளோரம்ஃபெனிகாலுக்கு 17 சதவிகிதம்.

கோ-டிரைமாக்ஸசோல் என்றால் புரியாது. 'செப்ட்ரான்', 'பாக்ட்ரிம்' என்றால் வீட்டில் இருக்கிற பாட்டிக்குக்கூடத் தெரியும். எழுபது, எண்பதுகளில் வயிற்றுப்போக்கா, சளியா, நீர்க்கடுப்பா... எல்லாவற்றுக்கும் அதுதான். விலை மலிவு. கிராமத்தில் குழந்தைக்கு நிமோனியா வந்தால், சுகாதாரத் திட்டப்படி நர்ஸம்மா கையிலிருந்து கொடுத்த மருந்தும் அதுவேதான். விளைவைப் பாருங்கள். பெரியவர்கள் வயிற்றுப்போக்குக்கு விழுங்கித் தீர்த்த மாத்திரை, கிராமத்துக் குழந்தைக்கு நிமோனியா வந்தபோது பாதிக்குப் பாதி நம்ப முடியாததாக ஆகிவிட்டது! 2014-ல் உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளின் நிமோனியாவுக்கு அமாக்ஸிசிலின்தான் முதல் மாத்திரை என்று பரிந்துரையை மாற்றி எழுதியது.

பெனிசிலின் நிம்மதியும் நீடிக்கவில்லை. 2008-லிருந்து 2016 வரை வேலூரில் சேர்த்த கணக்கின்படி, மூளைக்காய்ச்சல் நோயாளிகளிடமிருந்து எடுத்த நியூமோகாக்கஸில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் பெனிசிலினுக்கு அடங்காதவை. (இங்கே ஒரு விளக்கம் சொல்லிவிட வேண்டும். மருந்து மூளையைச் சுற்றியுள்ள நீருக்குள் கொஞ்சமாகத்தான் ஊடுருவும். அதனால் மூளைக்காய்ச்சலுக்கு அளவுகோல் ரொம்பக் கறார். 2008-ல் அமெரிக்க நிபுணர் குழு அந்த அளவுகோலையே தனியாகப் பிரித்தது. நுரையீரலில் இருக்கும் அதே கிருமியை, சரியான அளவில் கொடுத்தால், பெனிசிலின் வகை மருந்துகள் பெரும்பாலும் இன்னமும் அடக்கிவிடுகின்றன. ஆகவே பயந்து நடுங்க வேண்டாம். அலட்சியமும் வேண்டாம்.)

அடுத்த ஹீரோ அசித்ரோமைசின். மூன்று நாள் கோர்ஸ், சாப்பிடச் சுலபம். 2019-ல் இந்தியாவின் தனியார் மருந்து விற்பனையில் மிக அதிகமாகப் போன ஆன்டிபயாடிக், அசித்ரோமைசின் 500 மில்லிகிராம் மாத்திரைதான். அதற்கப்புறம் கொரோனா வந்தது. வைரஸுக்கு அந்த மாத்திரையால் பயன் இல்லை என்று சோதனைகள் சொல்லும் முன்பே, அட்டை அட்டையாக விழுங்கினோம். 2024-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆபத்தான கிருமிகளின் பட்டியலில், இந்த மருந்துக் குடும்பத்துக்கு அடங்காத நியூமோகாக்கஸின் பெயரும் இருக்கிறது.

இந்தப் பில்லை யார் கட்டுகிறார்கள்?

மிஸ்டர் எக்ஸ் கட்டுவதில்லை. அவர் திடகாத்திரமான ஆசாமி. கிருமியை மூக்கில் சுமந்துகொண்டு சந்தைக்குப் போவார், பஸ்ஸில் ஏறுவார், பேத்தியைத் தூக்கிக் கொஞ்சுவார். பில் போவது அந்தப் பேத்திக்கு. இரண்டு வயது ஆகாத குழந்தையின் உடம்புக்கு, அந்தச் சர்க்கரைச் சட்டையை அடையாளம் கண்டு சண்டை போடத் தெரியாது. பில் போவது அறுபத்தைந்தைத் தாண்டிய பாட்டிக்கு. பல வருடமாகச் சர்க்கரை வியாதி உள்ளவருக்கு. விபத்தில் மண்ணீரலை எடுத்துவிட்டவருக்கு (ரத்தத்தில் இந்தக் கிருமியை வடிகட்டிப் பிடிக்கிற போலீஸ் ஸ்டேஷன் மண்ணீரல்தான்). ஈரல் கெட்டவருக்கு, எச்.ஐ.வி. உள்ளவருக்கு, புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவருக்கு. இவர்களுக்கு நியூமோகாக்கஸ் வந்தால், முதலில் கொடுக்கிற மருந்தே வேலை செய்தாக வேண்டும். இரண்டாவது மருந்தைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

நமக்கெல்லாம் மருந்து என்றால் அவரவர் சொந்த விஷயம். நான் காசு கொடுத்தேன், நான் முழுங்கினேன், உனக்கென்ன? தலைவலித் தைலத்துக்கு அது சரி. ஆன்டிபயாடிக்குக்கு அது சரிப்படாது. கிராமத்துப் பொதுக்கிணறு மாதிரி அது. ஒருவர் வீணடித்தால் வறண்டு போவது எல்லோருக்கும்தான். அதிலும் கடைசியாகக் குடம் எடுத்து வருகிற பலவீனமானவருக்கு முதலில்.

வறண்ட கிணறு மறுபடி ஊறுமா? ஊறும்! ஒரு சின்ன நாடு அதைச் செய்து காட்டியிருக்கிறது.

ஐஸ்லாந்து. 1988 வரை அங்கே பெனிசிலினுக்கு அடங்காத நியூமோகாக்கஸ் கிடையாது. அந்த வருடக் கடைசியில் முதல் ஆள் தலைகாட்டினார். ஸ்பெயினிலிருந்து வந்த விருந்தாளி என்று மரபணுவைப் பார்த்துச் சந்தேகப்பட்டார்கள். ஐந்தே வருடத்தில், 1993-ல், ஏறக்குறைய 20 சதவிகிதம்! ஆராய்ந்தார்கள். குழந்தைகள் காப்பகங்களில் பரவுகிறது, அடிக்கடி ஆன்டிபயாடிக் சாப்பிட்ட குழந்தைகளிடம்தான் அதிகம் தங்குகிறது என்று தெரிந்தது. டாக்டர்களிடம் பேசினார்கள், தாய்மார்களிடம் பேசினார்கள், பத்திரிகைகளில் எழுதினார்கள். குழந்தைகளுக்கு ஆன்டிபயாடிக் எழுதுவது குறைந்தது. அடங்காத கிருமியின் விகிதமும் இறங்க ஆரம்பித்தது!

இரண்டாவது ஆயுதம், கிரிஃபித் தேடிக்கொண்டிருந்த அதே தடுப்பூசி. 2000-ல் அமெரிக்காவில் குழந்தைகளுக்கான புது வகைத் தடுப்பூசி வந்தது. அதுவரை சண்டை போடத் தெரியாமல் இருந்த கைக்குழந்தையின் உடம்புக்கு, சர்க்கரைச் சட்டையோடு ஒரு புரதத்தையும் சேர்த்துக் காட்டிப் பாடம் எடுக்கும் ஊசி. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெரும்பாலும் சில குறிப்பிட்ட சட்டைகளைத்தான் போட்டிருந்தன. அந்தச் சட்டைகளுக்கு எதிராகவே ஊசி. குழந்தைகளிடம் நோய் சடசடவென்று குறைந்தது. ஊசியே போட்டுக்கொள்ளாத தாத்தா பாட்டிகளிடமும் குறைந்தது! பேரனின் மூக்கில் இல்லையென்றால் தாத்தாவுக்கு எங்கிருந்து வரும்? (ஆசாமி சும்மா இருப்பாரா? 19ஏ என்கிற வேறு சட்டைக்கு மாறினார். 2010-ல் அதையும் சேர்த்து ஊசியை விரிவாக்கினார்கள். ஓட்டப்பந்தயம் நடந்துகொண்டேதான் இருக்கிறது.)

இந்தியாவில் நீண்ட நாள், இது காசுள்ளவர்கள் தனியாரிடம் போட்டுக்கொள்கிற ஊசியாகத்தான் இருந்தது. 2017-ல் இமாசலப் பிரதேசத்திலும் பீகார், உத்தரப் பிரதேசத்தின் சில மாவட்டங்களிலும் அரசுத் திட்டத்தில் தொடங்கி, 2021-ல் தமிழ்நாட்டுக்கு வந்தது. இப்போது காரிமங்கலம் வட்டாரத்துக் குழந்தைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். ஆறாவது வாரம், பதினாலாவது வாரம், ஒன்பதாவது மாதம்... மூன்று ஊசி. போட்ட குழந்தைக்கு மட்டும் காப்பு இல்லை. பக்கத்தில் படுத்திருக்கிற பாட்டிக்கும் சேர்த்துக் காப்பு.

சட்டமும் கொஞ்சம் விழித்துக்கொண்டது. 2012-ல் சென்னையில் நாட்டின் மருத்துவச் சங்கங்கள் கூடி, ஆன்டிபயாடிக் கட்டுப்பாட்டுக்கு ஒரு திட்டம் தீட்டின. 'சென்னைப் பிரகடனம்' என்றே அதற்குப் பெயர். 2014 மார்ச்சிலிருந்து 'அட்டவணை எச்-1' அமலுக்கு வந்தது. அதில் உள்ள ஆன்டிபயாடிக்குகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்றால் கடைக்காரர் தனி நோட்டில் எழுதி வைக்க வேண்டும். நோட்டு இருக்கிறது. ஆனால், 'அண்ணே, சளிக்கு ரெண்டு வேளைக்குக் குடுங்க' என்று நாமும், நமக்கு முன்னால் நிற்கிறவரும், பின்னால் நிற்கிறவரும் கேட்டுக்கொண்டே இருந்தால், நோட்டு மட்டும் என்ன செய்யும்?

உடனே, 'இனி ஆன்டிபயாடிக்கே தொட மாட்டேன்' என்று சபதம் எடுத்துவிடாதீர்கள். அது இன்னும் ஆபத்து. ஒரு குழந்தை வேகவேகமாக மூச்சு வாங்கினால்... அதாவது இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் நிமிடத்துக்கு 50 தடவையோ அதற்கு மேலோ, ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40 தடவையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால்... அல்லது மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தால், ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் டாக்டரிடம் ஓடுங்கள். இரண்டு மாதத்துக்குள் இருக்கும் பச்சைக் குழந்தை என்றால் எண்ணிக்கொண்டிருக்கவே வேண்டாம். அங்கே கொடுக்கும் ஆன்டிபயாடிக் உயிர் காக்கும் அமுதம். டாக்டர் சொன்ன அளவு, சொன்ன நாள்... அதில் கஞ்சத்தனம் கூடாது. பாதியில் நிறுத்தி, மிச்சத்தை அடுத்த வருடத்துக்கு டப்பாவில் எடுத்து வைக்கக் கூடாது. அடுத்த வீட்டுக்காரருக்குத் தானமும் செய்யக் கூடாது. வீட்டில் வயதானவர், சர்க்கரை வியாதிக்காரர், மண்ணீரல் இல்லாதவர் இருந்தால், அவர்களுக்கான தடுப்பூசி பற்றி டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

காரிமங்கலம் இருக்கிற அந்தச் சீமைக்குப் பழைய பெயர் தகடூர். அதை ஆண்டவன் அதியமான். மலை உச்சியில், கிடைப்பதற்கே அரிதான ஒரு நெல்லிக்கனி அவன் கைக்கு வந்தது. தின்றவருக்கு நீண்ட ஆயுள். அவனே தின்றிருக்கலாம். ராஜா, யார் கேட்பது? அவன் தின்னவில்லை. வயதான ஔவையிடம் கொடுத்துவிட்டான். இந்தக் கதையைச் சொல்லித்தான் வள்ளல் என்றால் யார் என்று நம் குழந்தைகளுக்குப் பாடம் நடத்துகிறோம்.

நம் கையிலும் அப்படி ஒரு கனி இருக்கிறது. அலுமினியத் தாளில் சுற்றி, பத்துப் பத்தாக அடுக்கி வருகிறது. வெறும் ஜலதோஷத்துக்கு அதைத் தின்னாமல் இருந்தாலே போதும். முகம் தெரியாத ஏதோ ஓர் ஔவைக்கு அதைக் கொடுத்ததாகக் கணக்கு!